ஃப்ளூ காய்ச்சலும் ஐந்து நாள் இருப்பும்

வங்கிக் கிளையின் முகப்பில் அமர்ந்து பணியாற்றுவோருக்குப் பருவம் மாறுவது நாள்காட்டியைப் பார்க்காமலே தெரிந்துவிடும். மழை தொடங்கிய இரண்டாம் வாரத்தில், வரிசையில் நிற்பவர்களிடையே இருமல் ஒலி கூடும். பணம் எடுக்கும் படிவத்தை நீட்டும் கையில் கைக்குட்டையும் சேர்ந்து வரும். "காய்ச்சல்தான், மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்" என்று சொல்லும் வாடிக்கையாளரை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு வந்ததில் அடங்கியிருக்கும் சிக்கலே இக்கட்டுரையின் பொருள்.

மருத்துவம் எங்கள் துறையன்று. நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் வேலை. ஆயினும் ஒரு தொற்றுநோய் பரவும்போது மனிதர்கள் ஏன் வீட்டில் இருக்காமல் வெளியே வருகிறார்கள் என்பதை மருத்துவமனைக்கு அடுத்தபடியாக நெருங்கிப் பார்க்கும் இடம் வங்கி முகப்பாகத்தான் இருக்கும்.

சளி வேறு, ஃப்ளூ வேறு

தும்மலும் மூக்கொழுகலுமாக மெல்லத் தொடங்கி, நடமாடிக்கொண்டிருக்கும்போதே தணிந்துவிடுவது சாதாரணச் சளி. இன்ஃப்ளுவென்சா என்னும் ஃப்ளூ அப்படி வருவதில்லை. காலையில் நலமாக இருந்தவரை மாலைக்குள் படுக்க வைத்துவிடும். திடீர்க் காய்ச்சல், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல், தொண்டை வலி, எழுந்து நிற்க முடியாத சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். கிருமி உடலில் புகுந்து ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், இவை தோன்றும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். இருமலும் சோர்வும் மேலும் சில நாள் நீடிக்கலாம். முதியோர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நீரிழிவு, இதயநோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உடையோர் ஆகியோருக்கு அது நிமோனியாவாக முற்றி உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

ஆண்டுதோறும் வரும் ஃப்ளூவுக்கும், சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை உலகையே சூழும் கொள்ளைநோய் ஃப்ளூவுக்கும் என்ன வேறுபாடு? எங்கள் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்லலாம். நீங்கள் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மாதிரிக் கையொப்பம் வங்கியில் இருக்கிறது. காசோலை வரும்போது அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். நமது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலும், முன்பு வந்துபோன கிருமியின் 'மாதிரிக் கையொப்பத்தை' நினைவில் வைத்திருக்கிறது. ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பிலுள்ள இரு புரதங்களே அந்தக் கையொப்பம். எச்1 என்1, எச்3 என்2 என்று செய்திகளில் வரும் பெயர்கள் அந்தப் புரதங்களின் வகையைக் குறிப்பவை. ஆண்டுக்காண்டு கையொப்பம் சற்றே கோணலாகும். உடல் ஓரளவு அடையாளம் கண்டு, தாமதமாகவேனும் தடுத்துவிடும். இது பருவகால ஃப்ளூ. சில வேளைகளில் பறவை, பன்றி ஆகியவற்றின் ஃப்ளூ வைரஸ்களும் மனிதரின் வைரஸும் மரபுக்கூறுகளைக் கலந்துகொண்டு முற்றிலும் புதிய கையொப்பத்தோடு ஒரு வைரஸ் தோன்றுகிறது. அதற்கு உலகில் பெரும்பாலோரின் உடலில் மாதிரியே கிடையாது. அதுவே கொள்ளைநோயாகிறது. ஏ, பி என்ற இரு முக்கிய வகைகளில் ஏ வகையே இத்தகைய வேலையைச் செய்கிறது.

பம்பாய் கற்பித்தது

1918 ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் பணியிலிருந்த காவலர்கள் சிலர் காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வந்தனர். முதல் அலை அவ்வளவு கடுமையாக இல்லை. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையோ இருப்புப்பாதை வழியே நாடெங்கும் பாய்ந்தது. அக்டோபர் 6 அன்று மட்டும் பம்பாய் நகரில் 768 இறப்புகள் பதிவாயின. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்திருந்தது. தானிய விலை ஏறி, மக்கள் ஏற்கெனவே மெலிந்திருந்தனர். இந்தியாவில் இறந்தோர் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை என்று பலவாறாக மதிப்பிட்டுள்ளனர். 1911 கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1921 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை குறைந்து காணப்பட்டது. பத்தாண்டுக் கணக்கெடுப்புகளின் வரலாற்றில் அப்படி நேர்ந்தது அந்த ஒருமுறைதான். இந்திக் கவிஞர் நிராலா மனைவியையும் உறவினர் பலரையும் அந்தக் காய்ச்சலில் இழந்தார்.

இந்தப் பேரெண்களைவிட எங்களை அதிகம் சிந்திக்கவைப்பது பம்பாய் நகரின் இன்னொரு கணக்கு. அங்கு வாழ்ந்த ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேரும், பார்சிகளில் 9 பேரும் ஃப்ளூவால் இறந்தனர். தாழ்த்தப்பட்ட சாதியினரிலோ ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல் மாண்டனர். வைரஸ் ஒன்றே, நகரமும் ஒன்றே. அன்று எவருக்கும் தடுப்பூசி இல்லை, வைரஸைத் தாக்கும் மருந்தும் இல்லை. எனவே மருந்து இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்க முடியாது. காற்றோட்டமான அறை, வயிறார உணவு, அருகிலிருந்து கஞ்சி கொடுக்க ஒருவர், வேலைக்குப் போகாமல் படுத்திருக்கக்கூடிய வசதி ஆகியவை ஒரு சாராரிடம் இருந்தன, மறுசாராரிடம் இல்லை.

1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியே ஆசிய ஃப்ளூ சென்னைத் துறைமுகத்தில் நுழைந்து நாடெங்கும் பரவியது. 1968இல் ஹாங்காங் ஃப்ளூ வந்தது. இவ்விரண்டும் 1918ஐப் போலக் கொடியவையாக அமையவில்லை.

2009 பலருக்கும் நினைவிருக்கும். மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் வசந்தகாலத்தில் தெரியவந்த புதிய எச்1 என்1 வைரஸை, ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோயாக அறிவித்தது. இந்தியாவில் முதல் நோயாளி மே மாதம் ஹைதராபாத்தில் கண்டறியப்பட்டார். ஆகஸ்ட் 3 அன்று புனேயில் பதினான்கு வயது மாணவி ஒருவர் இறந்தார். அது நாட்டில் அந்தக் கொள்ளைநோயின் முதல் மரணமாகப் பதிவானபோது, புனே நகரமே அஞ்சி ஒடுங்கியது. பள்ளிகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன. முகக்கவசம் கிடைக்காமல் மக்கள் அலைந்தனர். 'பன்றிக்காய்ச்சல்' என்ற பெயரால் பன்றி இறைச்சி உண்டால் நோய் வருமென்ற பொய்யும் பரவிற்று. நன்கு சமைத்த இறைச்சியால் ஃப்ளூ வராது. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சுவழி பரவும் நோய்.

அந்தக் கொள்ளைநோயில் பெரும்பாலும் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. நாட்டில் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்ட எச்1 என்1 இறப்புகள், அச்சம் உச்சத்திலிருந்த 2009ஆம் ஆண்டில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. முகக்கவசங்களை நாம் கழற்றி எறிந்துவிட்ட 2010இல் அவை 1,700ஐத் தாண்டின. 2010 ஆகஸ்ட் 10 அன்று கொள்ளைநோய் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. வைரஸ் எங்கும் போய்விடவில்லை. பருவகால ஃப்ளூவாக நம்மோடு தங்கிவிட்ட அது, 2015இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றி, ஏறத்தாழ மூவாயிரம் உயிர்களைப் பறித்தது. நாளிதழின் முதல் பக்கத்திலிருந்து நோய் நகர்ந்துவிட்டது என்பதற்காக அதைக் கணக்கை முடித்துக்கொண்டு போன வாடிக்கையாளராக எண்ணிவிடக் கூடாது.

ரூபாய் நோட்டும் ஈரப்பஞ்சும்

ஃப்ளூ பரவும் முதன்மை வழி மூச்சுதான். இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகளை அருகிலிருப்பவர் உள்ளிழுக்கிறார். அடைத்த அறையில் இது எளிதில் நிகழ்கிறது. குளிரூட்டிய கிளைகளில் சன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர் உண்டு. நோய்ப் பருவத்தில் திறந்த சன்னலே மேல். வரிசையில் முன்னால் இருப்பவரின் தோளை உரசிக்கொண்டு நிற்பதால் நமது முறை விரைந்து வந்துவிடாது. ஓரடி பின்னால் நின்றால் இருமலிலிருந்தேனும் சற்று விலகியிருக்கலாம்.

இரண்டாவது வழி கை. கைப்பிடி, டோக்கன், பொதுப் பேனா, ஏ.டி.எம். விசைகள் ஆகியவற்றைத் தொட்ட கையால் மூக்கையோ கண்ணையோ தொடும்போது கிருமி உட்புகுகிறது. வழவழப்பான பரப்பில் ஃப்ளூ வைரஸ் ஓரிரு நாள் தாங்கக்கூடும். ரூபாய் நோட்டில் தங்குமா என்று வாடிக்கையாளர்கள் எங்களைக் கேட்பதுண்டு. ஜெனீவாவில் ஆய்வாளர்கள் சுவிஸ் நாட்டு நோட்டுகளில் ஃப்ளூ வைரஸை வைத்துச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டனர். வெறும் வைரஸ் சில மணி நேரம் முதல் மூன்று நாள் வரை பிழைத்திருந்தது. மூக்குச்சளியோடு கலந்திருந்தபோது பதினேழு நாள் வரையிலும் தாங்கியது. இதைக் கேட்டு எவரும் பணத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆய்வகத்தில் வைரஸ் பிழைப்பது ஒன்று. நோட்டிலிருந்து கைக்கும், கையிலிருந்து மூக்குக்கும் சென்று நோயை உண்டாக்குவது வேறொன்று. பரவலில் நோட்டின் பங்கு சிறிது. ஆனால் எச்சில் தொட்டு நோட்டு எண்ணும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுமா? காசாளர் மேசையில் ஈரப்பஞ்சுக் கிண்ணம் இருப்பது அதற்காகத்தான். வாடிக்கையாளர்களும் கேட்டுப் பயன்படுத்தலாம்.

2020இல் கோவிட் அச்சத்தால் நோட்டுகளைச் சோப்பு நீரில் ஊறவைத்தவர்களும் இஸ்திரி போட்டவர்களும் உண்டு. சாயம் போனதும் ஓரம் கருகியதுமாக அவற்றைக் கிளைக்குக் கொண்டுவந்தால், மாற்றித்தருவது விதிகளுக்கு உட்பட்டதே; முழு மதிப்பும் கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. கழுவ வேண்டியது கையை. ஃப்ளூ வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு. சோப்பு அந்த உறையைக் குலைத்துவிடுவதால் வைரஸ் செயலற்றுப் போகிறது. இருபது நொடி தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் கொண்ட கைத்திரவம் போதும்.

காய்ச்சல் கேட்கும் ஐந்து நாள்

காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே ஒருவர் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். முதல் மூன்று, நான்கு நாள்களில் பரப்பும் ஆற்றல் மிகுதி; ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் அது தணியும். குழந்தைகளுக்கு இன்னும் நீளும். காய்ச்சல் மாத்திரையின் உதவியின்றியே இருபத்துநான்கு மணி நேரம் உடல் வெப்பம் இயல்பாக இருந்தால்தான் வெளியே செல்லலாம் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. பெரும்பாலோருக்கு இது ஐந்து நாள் கணக்காக முடிகிறது.

பாராசிட்டமால் வெப்பத்தைக் குறைக்கும், வைரஸைக் குறைக்காது. மாத்திரையின் தயவால் எழுந்து வரும் ஒருவர் தமக்குக் குணமாகிவிட்டதாக நினைக்கிறார். அவருடைய இருமல் அவ்வாறு நினைப்பதில்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் எழுபது வயது ஓய்வூதியரோ, வயிற்றில் குழந்தையைச் சுமக்கும் பெண்ணோ நின்றிருக்கக்கூடும்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. வருகிறவர்களில் பலருக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்பது தெரியும். ஆனால் அன்றைய கூலி போய்விடும். கடையை மூடினால் வாடிக்கை கலையும். தவணை நாள் தவறினால் அபராதம் விழும். நவம்பர் முடிவதற்குள் உயிர்வாழ்ச் சான்று கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். மக்களை நோயோடு வெளியே இழுப்பவை இவையே. ஆகவே, தடுப்பு முறைகளைப் பற்றிப் பேசுகையில், ஐந்து நாள் ஓய்வுக்கான செலவை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பது எங்கள் கருத்து. 1918இன் பம்பாய்க் கணக்கும் இதையே காட்டுகிறது.

மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளர், மருத்துவர் சான்றளித்தால், ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவியாகப் பெறலாம். தகுதி இருந்தும் இதைக் கேட்டுப் பெறாதவர் பலர். இவை இரண்டும் இல்லாத சிறுவணிகரும் ஓட்டுநரும் தையற்காரரும் தமக்குத் தாமே விடுப்புச் சம்பளம் கொடுத்துக்கொள்ள வேண்டியவர்கள். ஐந்து நாள் வருமானத்துக்கு நிகரான தொகையைத் தனியாக ஒரு சிறு தொடர் வைப்பில் சேர்த்து, அது முதிர்ந்ததும் குறுகியகால வைப்பாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். வட்டிக்காக இதைப் பரிந்துரைக்கவில்லை, வட்டி சொற்பமே. காய்ச்சல் நாளில் கடன் வாங்காமல் படுத்திருக்க உதவும் என்பதற்காகவே சொல்கிறோம். வீட்டில் பணிப்பெண் வைத்திருப்போருக்கும் ஒரு சொல்: காய்ச்சலென்று வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்தால், அடுத்தமுறை அவர் காய்ச்சலோடு உங்கள் சமையலறைக்கு வருவார்.

தடுப்பூசி, மருந்து, எச்சரிக்கைக் குறிகள்

வைரஸின் கையொப்பம் மாறிக்கொண்டே இருப்பதால் ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபின் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நம் நாட்டில் மழைக்காலம், குளிர்காலம் ஆகிய இரண்டிலும் ஃப்ளூ தலைதூக்குகிறது. எனவே உங்கள் ஊரின் மழைக்காலம் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று. மேலே சொன்ன ஆபத்துப் பிரிவினருக்கு இது மிகவும் தேவை. நோய் வரவே வராது என்ற உறுதியை ஊசி தராது. வந்தாலும் மருத்துவமனை வரை போகாமல் காக்கும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

புதிய கொள்ளைநோய் வைரஸுக்கான தடுப்பூசி உடனே கிடைத்துவிடாது. 2009 ஜூனில் அறிவிக்கப்பட்ட கொள்ளைநோய்க்கு, இந்தியாவில் உருவான முதல் தடுப்பூசி 2010 ஜூனில்தான் விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட அந்த ஓராண்டில் நம்மைக் காப்பவை சன்னலும் சோப்பும் முகக்கவசமும் வீட்டில் தங்குதலுமே.

ஒசெல்டமிவிர் என்ற மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். அது மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து. முன்கூட்டியே வாங்கிப் பதுக்குவதால் தேவைப்படுவோருக்குக் கிடைக்காமல் போகும். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வைரஸை ஒன்றும் செய்யமாட்டா. குழந்தைகளுக்கு ஃப்ளூ காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், உதடு நீலம்பாரித்தல், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல், குழந்தை வேகமாக மூச்சுவிடுதல் அல்லது பால், தண்ணீர் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கிளைக்கு வராமலே

காய்ச்சலோடு கிளைக்கு வரும் முதியவர்களில் பலர், வராமலே முடிக்கக்கூடிய வேலைக்காக வருகிறார்கள். உயிர்வாழ்ச் சான்றை எடுத்துக்கொள்வோம். ஆதார் இணைந்த 'ஜீவன் பிரமாண்' மின்சான்றை வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பெறலாம். அது கைவராதவர் அஞ்சல்காரரை வீட்டுக்கு வரவழைத்துச் சிறு கட்டணத்தில் முடித்துக்கொள்ளலாம். மத்திய அரசு ஓய்வூதியரில் எண்பது வயது கடந்தோர் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். நவம்பர் நெரிசலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எழுபது வயதைக் கடந்தோருக்கும் நடமாட இயலாதோருக்கும் பணம் கொண்டுவந்து கொடுத்தல், காசோலை பெற்றுச் செல்லுதல் போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டு வாசலிலேயே அளிக்க வங்கிகள் முயலவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் அறிவுறுத்தியது. உங்கள் கிளையில் எந்தச் சேவை எந்தக் கட்டணத்தில் கிடைக்கிறது என்பதை நலமாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையொப்பமிட முடியாத அளவுக்கு நோயுற்ற கணக்குதாரர், இரு சாட்சிகள் அடையாளம் காட்ட, கட்டைவிரல் ரேகை பதித்துப் பணம் எடுக்க வழியிருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்கவேண்டும். இந்த விதி பலருக்குத் தெரியாததால், படுக்கையிலிருப்பவரை ஆட்டோவில் ஏற்றிக் கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நிரந்தர வைப்பை முன்கூட்டியே முறிப்பதைவிட அதன்மீது கடன் பெறுவது சில வேளைகளில் இலாபமாக இருக்கும். இரண்டையும் கணக்கிட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லவேண்டும். கொள்ளைநோய்ச் செய்தி வந்தபின் காப்பீடு கேட்டு வருவோர் திடீரெனப் பெருகுவர். புதிதாக எடுக்கும் பெரும்பாலான காப்பீடுகளில், விபத்து நீங்கலாகப் பிற நோய்களுக்கு முதல் முப்பது நாள் காத்திருப்புக் காலம் உண்டு. புகை எழுந்தபின் வாங்கும் காப்பீடு அந்தத் தீக்கு உதவாது.

நோய்ப் பருவம் மோசடிக்காரர்களுக்கும் அறுவடைக் காலம். தடுப்பூசிக்குப் பதிவு செய்வதாகவும், உதவித்தொகை வந்திருப்பதாகவும் கூறி ஓ.டி.பி. எண்ணைக் கேட்பார்கள். படுக்கையிலிருக்கும் களைப்பில் சொல்லிவிட்டு ஏமாந்தவர்கள் கிளைக்கு வந்து கலங்கி நிற்பதைக் காண்கிறோம். வங்கி அந்த எண்ணை ஒருபோதும் கேட்பதில்லை.

வீட்டில் ஒரு தாளில் குடும்பத்தாரின் வழக்கமான மருந்துகள், மருத்துவரின் தொலைபேசி எண், காப்பீட்டு எண், கணக்குக் கிளையின் தொலைபேசி எண், கணக்கில் நியமனதாரர் யார் என்பது ஆகியவற்றை எழுதிப் பாஸ்புக்கின் உறைக்குள் வைத்து, அது இருக்குமிடத்தை வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண்ணை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம்.